மூன்று கசெற்றுக்கும் நித்திரையான பிள்ளை

யதுஷா நித்திரையாகிவிட்டாள். பட்டப்பகலில், ஒருவரும் தோளில் போட்டுத் தட்டாமல், தானாக.

மல்வேர்னில் அந்த ரவுன்ஹவுஸ் வரிசை வீட்டில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று போன கிழமை வாசித்தவர்களுக்குத் தெரியும். தவறவிட்டவர்களுக்கு நாலு வரி. பிரியந்தனுக்கும் நிலாணிக்கும் யதுஷா தலைப்பிள்ளை. இப்போதுதான் கவிழப் பழகியிருக்கிறாள். பிறந்ததிலிருந்தே நித்திரைக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை. வீடு பிரியந்தனின் தமக்கை கோணேஸ்வரியுடையது. திருகோணமலையிலிருந்து வந்திறங்கிய தம்பி குடும்பத்துக்கு மேல்மாடியில் ஓர் அறை கொடுத்து, சோறும் கொடுத்து வைத்திருக்கிறார்.

பிள்ளையை நித்திரையாக்க எந்தப் பாட்டுப் போடுவது என்பதில்தான் போன கிழமை வீடு இரண்டுபட்டது. சரியாகச் சொன்னால் மூன்றுபட்டது. பிரியந்தன் ஒரு கராஜ் சேலில் பழைய கசெற் பிளேயர் ஒன்றை வாங்கி வந்திருந்தான். போட்டால் பாட்டோடு சேர்ந்து தானும் கொஞ்சம் நடுங்குகிற பிளேயர்.

பிள்ளைக்கு அம்மன் பாட்டைத் தவிர வேறு எதுவும் போடக்கூடாது என்றார் கோணேஸ்வரி. அதைக் கேட்டால் பூசைக்கு நேரமாகிவிட்டதென்று பிள்ளை எழும்பிவிடும் என்றான் பிரியந்தன். அவன் தமிழ்க் கடையில் பதிவு செய்து வாங்கிய சினிமாப் பாட்டுக் கசெற்றை எடுத்துவந்தான். இரண்டும் வேண்டாம், சொல்லே இல்லாத வயலின்தான் நல்லது என்றாள் நிலாணி.

முந்தாநாள் வயலின் போட்டார்கள். பிள்ளை நித்திரை. நிலாணியைப் பிடிக்க முடியவில்லை. நேற்று அவள் குளிக்கப் போன நேரத்தில் பிரியந்தன் தன்னுடைய கசெற்றைப் போட்டுப் பார்த்தான். மேளம் என்ன, தாளம் என்ன, அதற்கும் பிள்ளை நித்திரை. இன்று காலை கோணேஸ்வரியின் முறை. அம்மன் பாட்டில் உடுக்குச் சத்தம் தொடங்க முன்னரே யதுஷாவின் கண் சொருகிவிட்டது.

"எல்லாற்ற மனசும் நோகக்கூடாது எண்டு நினைக்கிற பிள்ளை," என்றார் கோணேஸ்வரி. இன்று அவருக்கு வேலை இல்லாத நாள். பெருமையோடு கீழே போய்ப் பிட்டுக்கு மாக் குழைக்கத் தொடங்கினார்.

எல்லாம் கெட்டது அதற்குப் பிறகுதான்.

அறையில் ஒரேயொரு பிளக், அதுவும் தொட்டிலின் கால்மாட்டுப் பக்கம். வயர் எட்டாததால் பிளேயரைத் தொட்டிலுக்குள்ளேயே, மெத்தையின் மூலையில் வைத்திருந்தார்கள். கரண்ட் வயர் பிள்ளைக்குப் பக்கத்தில் கிடப்பது பிரியந்தனுக்குப் பிடிக்கவில்லை. கடைக்குப் போய் நீளமான வயர் ஒன்று வாங்கி வந்தான். கண் இமைக்கும் நேரத்தில் வயரை மாற்றிப் பூட்டி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கவே பிளேயரை மெல்லத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தான்.

பிளேயர் மெத்தையை விட்டு எழும்பியதுதான் தாமதம், பிள்ளை வீரிட்டாள்.

பாட்டு அதே பாட்டு. சத்தமும் குறையவில்லை. பிரியந்தன் கூட்டிக்கூடப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுகிற அளவுக்குக் கூட்டினான். யதுஷா முகம் சிவந்து அழுதாள். நிலாணி பொறுக்க முடியாமல் பிளேயரை எடுத்துத் திரும்ப மெத்தையில் வைத்தாள். அழுகை விக்கலாகி, விக்கல் பெருமூச்சாகி, கண் மூடிக்கொண்டது.

"பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் படுப்பாவாம்," என்று சிரித்தான் பிரியந்தன். "எங்கட அப்பாவும் ரேடியோவோடதான் படுக்கிறவர்." வயரைச் சுவரோரமாக ஒதுக்கிக் கட்டிவிட்டு, பின்னேர வேலைக்குப் போகமுன் சாப்பிடக் கீழே இறங்கினான்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மில்லிக்கனிலிருந்து சிநேகிதி ரதி. நிலாணி பிளேயரின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, கட்டிலில் இருந்தபடியே பேசினாள். ரதி தன் மாமியாரின் புதினம் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை பிள்ளை அசையவில்லை. கசெற் மட்டும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. போனை வைத்த நிலாணி அதைப் பார்த்துச் சிரித்தாள். பாட்டே இல்லாமலும் படுக்கிறாள் கள்ளி என்று நினைத்தாள்.

கசெற் ஒரு பக்கம் முடிந்தது. பிளேயரின் பொத்தான் டக்கென்று மேலே எழும்பியது.

யதுஷாவின் உதடு பிதுங்கியது. கண்ணைத் திறந்து அழத் தொடங்கினாள்.

நிலாணி எழுந்தவள் அப்படியே நின்றாள். கேட்பதற்கு ஒரு சத்தமும் இல்லாத இடத்தில் எது நின்றுபோனதென்று இந்தப் பிள்ளை அழுகிறது? கசெற்றைத் திருப்பிப் போட்டாள். சத்தத்தைக் கூட்டவில்லை. பொத்தானை மட்டும் அமத்தினாள். உள்ளே மோட்டர் சுற்றத் தொடங்கியது. பிள்ளையின் முகம் தெளிந்தது.

மெத்தையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மெத்தை மெல்ல மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. உடனே அதைத் தள்ளிவிட்டாள். சும்மா இருக்கிற மனம் எதையும் நினைக்கும். ஆனால் கால் தானாகப் படியிறங்கிப் போய், குசினியில் பெரிய சோத்துப் பானையின் மூடியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. தொட்டிலின் தலைமாட்டுப் பக்கம் கம்பளம் இல்லாத இடத்தில் நின்று மூடியைக் கைவிட்டாள்.

கீழேயிருந்து கோணேஸ்வரி என்ன உடைந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை, கை தவறிவிட்டது என்றாள் நிலாணி. பிள்ளை ஒரு விரலையும் அசைக்காமல் படுத்திருந்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நல்ல ஞாபகங்கள் எல்லாம் முகத்தை மாற்றிக்கொண்டு வந்தன. ஒருநாள் மச்சாள் கோணேஸ்வரி மிளகாய் பொரித்தபோது புகை மணி அலறியது. வீட்டில் எல்லோரும் துவாய் கொண்டு விசிறினார்கள். பிள்ளை மட்டும் அசையாமல் கிடந்தாள். இதல்லோ பிள்ளை, தங்கமான பிள்ளை என்று எல்லோருமாகச் சேர்ந்து மெச்சினார்கள். மறுநாள் கோயிலில் நாலு பேருக்குச் சொல்லவும் செய்தார்கள். பிள்ளையின் பின்பக்கமாக வந்து கூப்பிட்ட எவரையும் அவள் திரும்பிப் பார்த்ததாக நிலாணியால் நினைவுபடுத்த முடியவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த பிரியந்தன் வேலைச் சேட்டை மாட்டிக்கொண்டிருந்தான். நிலாணி கதவைச் சாத்தினாள்.

"இஞ்சேருங்கோ. பிள்ளைக்குக் காது கேக்கேல்லை."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் பாத்தனான்."

அவன் பொத்தானைப் பூட்டியபடியே, நித்திரையில்லாமல் இருப்பவர்களுக்கு இப்படித்தான் ஏதாவது தோன்றும் என்றான். தான் வேலையால் வந்து கதவில் நிற்கும்போதே பிள்ளை திரும்பிப் பார்க்கிறாள், தகப்பன் குரல் தெரியாமலா என்றான்.

"நீங்கள் கதவில நிண்டா வெளிச்சம் மறையுது," என்றாள் நிலாணி. "அதைத்தான் பாக்கிறா."

பிள்ளை எழும்பிவிட்டிருந்தாள். நிலாணி அவளைத் தூக்கி மடியில் தன்னைப் பார்க்க இருத்திக்கொண்டாள். பிரியந்தன் சாவிக்கொத்தை எடுத்துப் பக்கத்தில் குலுக்கினான். யதுஷா உடனே திரும்பி அதைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"பாத்தீரோ?"

"பின்னால போய் நில்லுங்கோ."

அவன் சலிப்போடுதான் போனான். பிள்ளையின் முதுகுப் பக்கம் சுவரோடு நின்று சாவியைக் குலுக்கினான். யதுஷா தாயின் தாலிக்கொடியைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள். அவன் யது என்று கூப்பிட்டான். யதுக்குட்டி என்றான். முழுப்பேரையும் சொன்னான். ஒவ்வொரு முறையும் அவன் குரலில் ஏதோ ஒன்று கூடியது. கடைசியில், வேலைத்தலத்தில் மெஷின்களுக்கு மேலால் கத்துவதுபோல் தன் பிள்ளையின் பேரைக் கத்தினான்.

நிலாணியின் உடம்பு தூக்கிப்போட்டது. ஆனாலும் முகத்திலிருந்த சிரிப்பை மட்டும் விடவில்லை. பிள்ளை அந்தச் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தானும் பல்லில்லாத வாயைத் திறந்து திரும்பச் சிரித்தாள்.

பிரியந்தன் சுற்றி வந்து முன்னால் குந்தினான். பூட்டிய சேட்டின் பொத்தானை ஏனோ ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான்.

"அண்டைக்குப் புகை மணி அடிக்கேக்கையும் திரும்பேல்லையோ?" என்று கேட்டான்.

சத்தம் கேட்டுக் கோணேஸ்வரி மாக் கையோடு ஓடி வந்தார். தம்பி மனைவியோடு சண்டை பிடிக்கிறான் என்று நினைத்து, ஏசுவதற்கு ஆயத்தமாகத்தான் வந்தார்.

"அக்கா," என்றான் பிரியந்தன். "பிள்ளைக்குக் காது கேக்குதில்லைப் போல கிடக்கு."

இந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒன்றுமில்லை என்று முதலில் சொல்பவர் கோணேஸ்வரிதான். மழை, பனி, வேலை போனது, விசா இழுபட்டது, எதுவும் அவருக்கு ஒன்றுமில்லை. அவர் இப்போதும் அப்படிச் சொல்லி, விசர்க் கதை கதைக்காதையுங்கோ என்று தங்கள் இருவரையும் ஏசுவார் என்று நிலாணி காத்திருந்தாள். ஏசினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கிக்கூட நின்றாள்.

கோணேஸ்வரி கதவு நிலையைப் பிடித்தார். நிலையில் மா ஒட்டியது.

"டொக்ரரிட்டக் கொண்டு போவம்," என்றார். "இப்பவே வெளிக்கிடுங்கோ. நானும் வாறன்."

ஏன் என்று கேட்கவில்லை. எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. பிள்ளை திரும்பிப் பார்க்காததைவிட, மச்சாள் மறுத்துப் பேசாததுதான் நிலாணியை அதிகம் நடுங்க வைத்தது.

பிரியந்தன் வேலைக்குப் போன் எடுத்து வரமுடியாது என்று சொன்னான். மூன்று பேருமாகப் பிள்ளையைப் போர்த்திக்கொண்டு பனிக்குள் நடந்து பஸ் எடுத்தார்கள். பஸ்ஸில் பிரியந்தன் முன்னால் தனியே போய் இருந்துவிட்டான். பெண்கள் இருவரும் பின்னால் இருந்தார்கள். நிலாணி மெல்லக் கேட்டாள்.

"மச்சாள், உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

"எனக்கென்ன பிள்ளை தெரியும்," என்றார் கோணேஸ்வரி. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

அவருக்குத் தெரிந்தது இதுதான்.

நிலாணி இந்த நாட்டுக்கு வந்த புதிது. கர்ப்பமென்று அவளுக்கே தெரியாத நேரம். ஒருநாள் காய்ச்சல் வந்து, மறுநாள் முகத்திலும் மேலிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்தது. கோணேஸ்வரி பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மாள் வந்திருக்கிறாள். அம்மாள் வந்த வீட்டில் என்ன செய்வது என்று அவருக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் பொரிக்கவில்லை, தாளிக்கவில்லை. வெளியாட்களை வாசலோடு அனுப்பினார். வேப்பிலைக்கு அலைந்ததுதான் பெரும்பாடு. அஜின்கோர்ட் தமிழ்க் கடைக்காரர் வேப்பம்பூ வடகம் இருக்கிறது, அது போதுமா என்று கேட்டார். கடைசியில் ஊரிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்த காய்ந்த இலையை இரந்து வாங்கிக் கதவில் செருகினார். டொக்ரரிடம் போவோமா என்று பிரியந்தன் கேட்டபோது, அம்மாளுக்கு ஊசி போடுவதோ என்று அவன் வாயை அடக்கினார். மூன்றே நாளில் எல்லாம் இறங்கிவிட்டது. மஞ்சள் தண்ணீர் வார்த்துப் பொங்கிப் படைத்தார்கள்.

கொஞ்ச நாளில் கர்ப்பம் தெரிந்தது. பார்க்கப் போன இடத்தில், காய்ச்சலோ மேலில் சிவப்புப் பொரிவோ வந்ததா என்று ஒரு தாதி கேட்டாள். மொழிபெயர்க்கக் கூடப் போனது கோணேஸ்வரிதான். அவர் கேள்வியை நிலாணிக்குச் சொல்லவேயில்லை. அம்மாள் வந்து போனதை நோய் என்று வெள்ளைக்காரியிடம் சொல்வதா? இல்லை என்றுவிட்டார். அவ்வளவுதான். பொய் சொல்கிறோம் என்றுகூட அவருக்கு அப்போது படவில்லை.

பட்டது பிறகு, பிள்ளை பிறக்கச் சற்று முன்னர். அவரோடு பேக்கரியில் வேலை செய்யும் றோசலின், சாப்பாட்டு நேரத்தில் தன் தங்கச்சியின் கதையைச் சொன்னாள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது அவளுக்கும் இப்படித்தான் மேல் பொரிந்ததாம். பிறந்த பிள்ளைக்குக் காது கேட்கவில்லையாம். அன்று கோணேஸ்வரி கொண்டுபோன சோற்றைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், வாய்க்கு வாய் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லி வந்தது மற்றவர்களுக்கு அல்ல.

கிளினிக் ஒரு பிளாசாவுக்குள் இருந்தது. பிள்ளைக்கு வழக்கமாக ஊசி போடுகிறவர் லீவில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வயதான சீனப் பெண் டொக்ரர் ஒருவர் இருந்தார். காத்திருக்கும் இடத்தில் வேறொரு குழந்தை அறை அதிர அழுதது. அங்கிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். யதுஷா மேலேயிருந்த ரியூப் லைற்றைப் பார்த்துக் கொண்டிருந்தாள். நிலாணி அவளுடைய தலையைத் தன் கையால் மெல்ல அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். யாரும் கவனித்துவிடக் கூடாதென்று செய்தாளோ என்னவோ, அவளுக்கே தெரியாது.

டொக்ரர் அதிகம் பேசவில்லை. பிள்ளையின் இரண்டு காதுக்குள்ளும் லைற் அடித்துப் பார்த்தார். ஒரு சின்ன மணியைப் பின்னால் நின்று அடித்தார். இடம் மாறி நின்று திரும்ப அடித்தார். மணியை மேசையில் வைத்துவிட்டு, பிரியந்தனைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை செய்ய வேண்டும், அதற்கு முன் தான் எதையும் முடிவாகச் சொல்லமாட்டேன் என்றார். பிரியந்தன் அதை நிலாணிக்குத் தமிழில் சொல்லும்போது, 'முடிவாக' என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னான்.

பிறகு டொக்ரர் பிள்ளை வயிற்றில் இருந்த காலத்தைப் பற்றிக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது காது கேளாமல் இருந்ததா? இல்லை என்றான் பிரியந்தன். தாய் எங்கேனும் விழுந்தாளா? இல்லை. ஏதும் மருந்து எடுத்தாளா? இல்லை.

தொடக்க மாதங்களில் காய்ச்சலோடு மேல் பொரிந்ததா?

பிரியந்தன் அதைத் தமிழில் சொல்ல மனைவி பக்கம் திரும்பினான். அவன் வாயைத் திறக்கமுன் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யெஸ்," என்றார் கோணேஸ்வரி.

கதவோரம் நின்றவர் இரண்டடி முன்னால் வந்தார். பதினொரு வருடமாக இந்த நாட்டில் பேசிப் பழகிய இங்கிலீசு அவருக்கு அந்த நேரத்தில் ஒத்துழைக்கவில்லை. காய்ச்சல் என்றார், சிவப்பு என்றார், தன் முகத்தையும் கையையும் தொட்டுக் காட்டினார். முன்னர் கேட்டபோது இல்லை என்று சொன்னது தான்தான், நிலாணி அல்ல என்றார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு அந்த நேர்ஸ் கேட்டவள், பொரிஞ்சதோ எண்டு. நான்தான் இல்லையெண்டு சொன்னனான். நிலாணிக்குத் தெரியாது. அவளை ஒண்டும் கேக்காதை."

"உங்களுக்கு எப்ப தெரியும் அக்கா, உதால இப்பிடி வருமெண்டு?"

"பிள்ளை பிறக்க முந்தியே தெரியும்."

பிரியந்தன் தமக்கையைப் பார்த்தபடியே நின்றான். ஏசவில்லை. முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

நிலாணி அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. அவள் டொக்ரரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சாள் யெஸ் என்ற அந்தக் கணத்தில் டொக்ரரின் பேனை நின்றதை அவள் கண்டாள். இவ்வளவு நேரமும் காதோடு இருந்த டொக்ரர், இப்போது கதிரையை இழுத்துக்கொண்டு பிள்ளைக்குக் கிட்ட வந்தார். சட்டையைத் தூக்கிவிடச் சொல்லிக் கையால் காட்டினார். லைற்றை எடுத்து யதுஷாவின் கண்ணுக்குள் பார்த்தார். ஒரு கண், பிறகு மற்றக் கண்.

"கண்ணை ஏன் பாக்கிறா?" என்றாள் நிலாணி.

பிரியந்தன் இங்கிலீசில் கேட்டான். டொக்ரர் சொன்னதைக் கேட்டுவிட்டு நிலாணி பக்கம் திரும்பினான்.

"அந்தக் காய்ச்சல் காதோட மட்டும் நிக்கிறதில்லையாம்," என்றான். "கண்ணும் பாக்க வேணுமாம். இருதயமும் பாக்க வேணுமாம்."

நிலாணி பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். டொக்ரர் அவளுடைய கையை மெல்ல விலக்கி, ஸ்தெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, அந்தச் சின்ன நெஞ்சில் வைத்தார். கேட்டார். கொஞ்சம் இடப்பக்கமாக நகர்த்தினார். கேட்டார். முன்னர் வைத்த இடத்திலேயே திரும்பவும் வைத்தார்.

யதுஷா அந்தக் குழாயைப் பிடித்து விளையாடத் தொடங்கினாள்.

டொக்ரர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையை உயர்த்தி, சத்தம் போடவேண்டாம் என்று சைகை காட்டினார்.

அறையில் அப்போது ஒருவரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அவருக்குக் கேட்ட சத்தம் அந்தச் சின்ன நெஞ்சுக்குள் இருந்தது.